சஜீவன் செய்த இரண்டு திருத்தங்கள்

புதுக்குடியிருப்பில் சாகிறவர்கள் எல்லோரும் இரண்டு முறை சாகிறார்கள். முதல் முறை வீட்டில், அல்லது ஆஸ்பத்திரியில். அது குடும்பத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் முறை சஜீவனின் வாயில். பழனியாண்டியின் ஓட்டோக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, அவன் சந்தி சந்தியாக வந்து சொன்ன பிறகுதான் ஒரு மரணம் செல்லுபடியாகும்.

அந்தக் குரல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் எவரும் இன்னும் கையில் எடுக்கவில்லை. பதினைந்து வயதில், அகதி முகாமில், தண்ணீர் வரிசைக்குப் பெயர் கூப்பிட ஆள் தேடினார்கள். இவன் கையை உயர்த்தினான். கூப்பிட்ட பெயர்களில் சிலவற்றுக்கு ஆள் வராது. வராதவர்களின் பெயரை இன்னும் கொஞ்சம் மெதுவாக, இன்னும் கொஞ்சம் கனமாகத் திரும்பச் சொல்லப் பழகினான். தொழில் அங்கேயே அவன் தொண்டையில் குடியேறிவிட்டது.

இப்போது வயது முப்பத்திரண்டு. கலியாணம் ஆகவில்லை, ஆகும் அறிகுறியும் இல்லை. தாய் கமலேஸ்வரி நாலு இடம் பேசிப் பார்த்தார். ஒட்டுசுட்டானில் ஒரு சம்பந்தம் கிட்டத்தட்டச் சரிவந்தது. பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை கதைக்க வேண்டுமென்று தொலைபேசி எடுத்தார். “வணக்கம் ஐயா, சஜீவன் கதைக்கிறன்” என்றான் இவன், தன்னால் இயன்ற அளவு இனிமையாக. மறுமுனையிலிருந்து நடுங்கிய குரலில், “செத்தது ஆர், தம்பி?” என்று கேட்டார் அவர். சம்பந்தம் அந்த இடத்திலேயே காலமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் ஜப்பான் குறுக்கிட்டது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கும் வினோதனுக்குக் கனடாவில் ஒரு மச்சான். மச்சானுக்கு ஒரு யூடியூப் சனல். ஜப்பான் பள்ளிக்கூடக் காதல் கார்ட்டூன் தொடர் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுத்துத் தரும்படி மச்சான் கேட்டான். உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்கக்கூடிய நபர் எவரும் புதுக்குடியிருப்பில் அன்று இருக்கவில்லை.

கதை இதுதான். ஹிரோத்தோ என்ற மாணவனும் மியூ என்ற மாணவியும் மழைநாளில் படிக்கட்டில் மோதி விழுகிறார்கள். எழும்பும்போது அவளுடைய உயிர் அவன் உடம்பில். அவனுடைய உயிர் அவள் உடம்பில். பள்ளிக்கூட விழா வரைக்கும் ஒருவர் உடுப்பை ஒருவர் போட்டுக்கொண்டு, ஒருவர் வகுப்பில் ஒருவர் அடிவாங்கிக்கொண்டு, கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் காதலாகிறார்கள்.

“அண்ணை, நீங்கள்தான் மியூ” என்றான் வினோதன்.

“அது பெட்டை எல்லோ?”

“உடம்பு பெடியன், உள்ளுக்கை பெட்டை. குரல் ஆம்பிளை, கதை பொம்பிளை. கொஞ்சம் வெக்கப்பட்டுக் கதையுங்கோ, அது போதும்.”

சஜீவன் வெட்கப்பட்டான். அது ஆழ்ந்த அனுதாபம்போலக் கேட்டது. ஆனாலும் அவனை விட்டால் எழுதியதைத் தடக்காமல் வாசிக்க ஊரில் வேறு ஆளில்லை.

ஹிரோத்தோவுக்கு ராஜினி. முன்பள்ளி ஆசிரியை, முப்பது குழந்தைகளை ஒரே அதட்டில் உட்கார வைப்பவள். ஆண்பிள்ளையாகக் கதை என்றதும் அவள் யோசிக்கவே இல்லை. தன் தகப்பன் தங்கராசா கதிரையில் சாய்ந்தபடி “தேத்தண்ணி என்ன ஆச்சு” என்று கேட்கும் தொனியை எடுத்து அப்படியே ஹிரோத்தோவுக்கு மாட்டிவிட்டாள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

பின் அறைச் சுவர் முழுக்க முட்டை மட்டைகள். ஒரேயொரு மைக். இருவரும் தோளுக்குத் தோள் நிற்க வேண்டும். வீதியால் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் போனால் அது போய் முடியுமட்டும் ஜப்பான் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். சஜீவன் வீதியில் உழவு இயந்திரங்கள் பெருக வேண்டுமென்று விரும்பத் தொடங்கியது மூன்றாம் பாகத்தில். முதல் நாள் அவனை “அண்ணா” என்றவள், ஆறாம் பாகத்தோடு அந்தச் சொல்லை நிறுத்திவிட்டாள். அவன் அதைக் கவனித்தான். வேறு எதையும் கவனிக்க அவனால் முடியவில்லை.

கடைசிப் பாகத்தில் உயிர்கள் திரும்பி மாறுவதற்கு முன், மியூ தன் காதலைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் அதைப் பதிவுசெய்ய நின்றார்கள். ஒரே ஒரு வரி: “எனக்கு உன்னைப் பிடிக்கும்.”

எட்டு முறை சொன்னான். எட்டிலும் பிரேதம் மணத்தது. ஒன்பதாம் முறை, பதினேழு வருடப் பழக்கம் நாக்கை இழுத்துக்கொண்டு போக, “எனக்கு உன்னைப் பிடிக்கும் என்பதை ஆழ்ந்த துயருடன் அறியத்தருகின்றோம்” என்று முடித்தான்.

வினோதன் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தான். ராஜினி சிரிக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சொல்லி முடியுங்கோ” என்றாள்.

“ஏன், ஞாயிறு என்ன?”

“வவுனியாவிலயிருந்து என்னைப் பாக்க வருகினம். கலியாணத்தை முற்றாக்கிப்போட்டால் பிறகு அப்பா என்னை இஞ்ச வர விடமாட்டார்.”

அவள் எந்த வரியைச் சொல்லி முடிக்கச் சொன்னாள் என்று சஜீவன் அன்று முழுவதும் யோசித்தான். மைக் இல்லாத இடத்தில், கிணற்றடியில், சைக்கிளில், “ராஜினி, சஜீவன்” என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். ஓசை நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, ராஜினியின் பெரியப்பா வீரகத்தி காலமானார். தங்கராசாவின் தமையன்; பிள்ளைகள் இல்லாதவர். செய்தி கேட்டவுடன் சஜீவனின் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, கணக்கு. சாவுத் துடக்கு முப்பத்தொரு நாள். கடைசி நாள் அந்தியேட்டிக் கிரியை முடியுமட்டும் கலியாணப் பேச்சு இல்லை. ஒரு நல்ல மனிதரின் சாவில் தனக்கு ஒரு மாதம் கிடைத்ததே என்று மகிழ்ந்த அந்தக் கணத்துக்காகத் தன்னைத்தானே வெறுத்தபடி, தங்கராசா எழுதிக் கொடுத்த தாளோடு ஓட்டோவில் ஏறினான்.

“புதுக்குடியிருப்பைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் வீரகத்தி அவர்கள் இன்று காலை காலமானார். அன்னார், தங்கராசாவின் அன்புச் சகோதரரும், ஜெகதீஸ்வரியின் அன்பு மைத்துனரும், ராஜினி, சஜீவன் ஆகியோரின் பாசமிகு பெரியப்பாவும் ஆவார். ஈமைக்கிரியைகள் இன்று பிற்பகல் நான்கு மணிக்கு…”

சந்தை, பள்ளிக்கூடம், பிள்ளையார் கோயில், மில்லடி என்று நாலு இடம் முடிந்தது. ஐந்தாவது இடத்துக்குப் போகும் வழியில் பழனியாண்டி ஓட்டோவை ஓரங்கட்டினார். மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. யாரையும் நோகப் பேசமாட்டார்.

“தம்பி, தப்பா நெனக்காதீங்க. நீங்க எப்பயிருந்து வீரகத்தி ஐயாவுக்கு மகன் மொறை?”

சஜீவன் தாளைப் பார்த்தான். தாளில் ராஜினி தனியாகத்தான் இருந்தாள்.

அவனுக்கு ஓட்டோ சுற்றியது. வீரகத்தி அவளுக்குப் பெரியப்பா. இவனுக்கும் பெரியப்பா என்றால் இவன் அவளுக்கு யார்? அண்ணன். கூடப்பிறந்த அண்ணனுக்கும் இந்த அண்ணனுக்கும் ஊர் வித்தியாசம் பாராது. ஆறு பாகம் பாடுபட்டு அவள் வாயிலிருந்து விலக்கிய உறவை, இரண்டு ஒலிபெருக்கி வைத்து, நாலு சந்தியில், தன் வாயாலேயே நிலைநாட்டிவிட்டான். மியூவுக்கு உடம்புதான் மாறியது. இவனுக்கு முறையே மாறிவிட்டது.

“திருப்புங்கோ அண்ணை” என்றான். “திரும்பச் சந்தைக்கு.”

“என்ன சொல்லப்போறீங்க?”

“திருத்தம்.”

நிதானமான ஒரு மனிதன், “தவறுதலாக ஒரு பெயர் சேர்ந்துவிட்டது” என்று சொல்லியிருப்பான். சஜீவன் அன்று நிதானமான மனிதன் அல்ல. அண்ணன் என்ற பழியைத் துடைத்தெறிவது ஒன்றே அவன் குறி. “முன்னைய அறிவித்தலில் திருத்தம். சஜீவன், அன்னாரின் மகன் முறையானவர் அல்லர். மருமகன் முறையானவர் என்பதை அறியத்தருகின்றோம்” என்று நாலு சந்தியிலும் மும்மூன்று தடவை முழங்கினான். முழங்கி முடிந்த பிறகுதான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

அப்போது சந்தியில் ஒரு வேன் திரும்பிக்கொண்டிருந்தது. துக்கம் விசாரிக்க வந்த வவுனியாக்காரர் ஐந்து பேர் அதில் இருந்தார்கள்.

செத்தவீட்டுப் பந்தலுக்குள் ஓட்டோ போய் நின்றபோது, ஒப்பாரிகூட ஒரு நிமிடம் இறங்கியது. வவுனியாக்காரர் பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருந்து, ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் பிடித்திருந்தார்கள். தங்கராசா எழும்பி வந்தார்.

“தம்பி, என்ர அண்ணருக்கு மருமகன் எண்டு வாறதெண்டால், வீட்டில ஒரு பிள்ளைதான் இருக்கு. அது என்ர பிள்ளை. எனக்குச் சொல்லாமல் எப்ப கட்டினனீர்?”

“பிழையாப் போச்சு ஐயா.”

“எது பிழை? முதல் சொன்னதோ, பிறகு சொன்னதோ?”

இவ்வளவு நேர்மையான கேள்வியை எவரும் அவனிடம் கேட்டதில்லை. முதலாவது பிழை என்றால் துணிந்தவன். இரண்டாவது பிழை என்றால் அண்ணன். சஜீவன் வாயைத் திறந்தான். பன்னிரண்டாயிரம் பேருக்குக் கேட்கும் குரல், முன்னால் நின்ற ஒருவருக்குக் கேட்கவில்லை.

“சரி, மூண்டாவதா ஒண்டு சொல்லும்” என்றார் தங்கராசா. “நீர் எங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு. இப்ப, இதில நிண்டு, இவையள் கேக்கச் சொல்லும்.”

பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து ராஜினி எழுந்து வந்தாள். அழுத கண். ஒரு கொப்பித் தாள் கையில்.

“நான் எழுதித் தாறன் அப்பா. அவருக்கு எழுதிக் குடுத்தால்தான் வாசிக்க வரும்.”

தகப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் ஓட்டோவின் இருக்கையில் தாளை வைத்து எழுதி, மடிக்காமல் நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மரண அறிவித்தலை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிறவன் அழுதுவிடுவான். ஆகவே சஜீவன் எதையும் முன்கூட்டிப் படிப்பதில்லை. கண் ஒரு சொல்லில், வாய் அதற்கு முந்திய சொல்லில். மைக்கைப் பிடித்தான். எல்லாம் முடிந்தது என்று தெரிந்த மனிதனின் குரலில், அதுவரை வாசித்த எந்தச் சாவையும்விடக் கனமாக வாசித்தான்.

“முக்கிய திருத்தம். அமரர் வீரகத்தி அவர்கள் தொடர்பாக இன்று காலை செய்யப்பட்ட இரண்டு அறிவித்தல்களில், முதலாவது மட்டுமே தவறானது என்பதை அறியத்தருகின்றோம். தகவல், பெறாமகள் ராஜினி.”

வழக்கப்படி இரண்டாம் தடவையும் அதே துக்கத்தோடு வாசித்தான். மூன்றாம் தடவைக்கு மூச்செடுத்தபோது பழனியாண்டி அவன் முழங்காலில் தட்டினார்.

“போதும் தம்பி. அதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுப் பாருங்க.”

படித்தான். மைக் நிறுத்தப்படாமல் இருந்ததால், அவன் மூக்கை உறிஞ்சிய சத்தத்தை மில்லடிச் சனமும் கேட்டது.

வவுனியாக்காரரில் மூத்தவர் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழும்பினார். தங்கராசா மகளைப் பார்த்தார். அவளும் தகப்பனைப் பார்த்தாள். கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி கேட்கிற அவருடைய அதே பார்வை. பிறகு அவர் தமையனின் பிரேதம் கிடந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சுடலைக்கு விறகு ஏத்த ஆள் காணாது” என்றார், யாருக்கு என்றில்லாமல். “நிண்டு பாக்கிறவை வந்து ஒரு கை பிடிக்கலாம்.”

சஜீவன் மைக்கைப் பழனியாண்டியின் மடியில் வைத்துவிட்டு ஓடினான்.