முத்திரை தெளிவாக இல்லை

பல்கலைக்கழக அலுவலகத்தில் அவரை எல்லோரும் பைலக்கா என்றே கூப்பிட்டார்கள். அங்கே கடைநிலை ஊழியராக இருந்த கணவர் இறந்த பிறகு அவருக்குக் கிடைத்த வேலை அது. உடல் குறைபாடுள்ள மாணவர்கள் தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளோ, தரைத்தளத்தில் வகுப்பறையோ கேட்டு எழுதும் மனுக்கள் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். அவர் சரிபார்த்து அனுப்பியதை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு முடிவு செய்யும். பைல் எங்காவது தூங்கினால் அக்காவே எழுந்துபோய் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நடப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஒரு நாள் வரலாறு படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். தசை நோய். பத்து வரி எழுதுவதற்குள் விரல்கள் மடங்கிப்போகும். தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டிருந்தாள். அக்கா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மருத்துவச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முத்திரை தெளிவா இல்லையேம்மா. புதுசா வாங்கிட்டு வந்துடு.”

“போன வருஷமும் இதே நோய்தான் அக்கா. இது சரியாகுற நோய் இல்ல.”

“எனக்குத் தெரியுதும்மா. மேல கேப்பாங்களே.”

முத்திரை வாங்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் குழு கூடிக் கலைந்துவிட்டது. அக்கா மேசை மேசையாக நடந்தார், கெஞ்சினார், கண்காணிப்பாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆணை கையெழுத்தானபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று தாள்களைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஆணையோடு அக்கா அவள் வீட்டைத் தேடிப் போனார். கதவைத் திறந்த அம்மா நாற்காலியைக் காட்டினாள். மகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு, ஒரு வாடகை வண்டி நிறுவனத்துக்கு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அனுமதி வந்துடுச்சு கண்ணு. மறுதேர்வு எழுதலாம்.”

அவள் வாங்கிப் படித்தாள். “இந்த வருஷத்துக்கு மட்டும்னு போட்டிருக்கு. மறுதேர்வு அடுத்த வருஷம்.”

“புதுப்பிச்சுக்கலாம்மா.”

“என் கைக்கு முடியலைன்னு வருஷா வருஷம் நிரூபிச்சுக்கிட்டே இருக்கணுமா? அலுத்துப்போச்சு அக்கா.”

“திருப்பி அனுப்பினது நான்தாம்மா. அன்னிக்கு அப்படியே மேல அனுப்பியிருக்கலாம்.”

“தெரியும். ஆனா அந்த ஆபீஸ்ல என்னை உட்காரச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அக்காவுக்கு. அடுத்த அழைப்பு வந்தது. அவள் திரும்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

அதன்பிறகு, மனு வந்த அன்றே அக்கா மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டு, ஓரத்தில் தன் கையெழுத்தை வைத்து மேலே அனுப்பிவிடுவார்.

“நாளைக்கு ஏதாவதுன்னா உங்க தலையிலதான் விடியும்” என்றார் கண்காணிப்பாளர்.

“விடியட்டும் சார்.”

ஓய்வு பெறும்வரை ஒரு மனுவைக்கூட அவர் திருப்பி அனுப்பவில்லை. அந்தப் பெண் மறுதேர்வுக்கு வரவேயில்லை.