சூளையில் அழியாத இரண்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே நான் எழுந்து போய்விடுகிற ஆள். பீங்கான் யூனிட்டில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நான் விளக்குக்குப் பளபளப்பு வர கிளேஸ் தடவிக்கொண்டே, "வேலையப் பாருங்கடி" என்பேன். இன்றைக்கும் அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்த ஒன்றை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் நம்ப வேண்டாம், முழுசாகக் கேட்டால் போதும்.

நான் பத்தாவதில் அறிவியலில் மட்டும் ஃபெயில். அதிலும் வேதியியல்தான் காலை வாரிவிட்டது. படித்தது போதும் என்று விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிற ஒரு யூனிட்டில் சேர்ந்துவிட்டேன். என் தங்கச்சி சுகந்தி என்னைவிட இரண்டு வயது சின்னவள், ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப். அவள்தான் என்னை விடவில்லை. எனக்குத் தெரியாமலே தனித்தேர்வுக்கு ஃபாரம் வாங்கிவந்து, என் கையெழுத்தையும் அவளே போட்டு, பணமும் கட்டிவிட்டு வந்துதான் சொன்னாள். கேட்டதற்கு, "உன் கையெழுத்த உன்னவிட நான் நல்லா போடுவேன்" என்றாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால்தான் மற்றது புரியும். பீங்கானை இரண்டு தடவை சுடுவார்கள். முதல் சூட்டில் வருவதற்கு பிஸ்கட் என்று பேர். பளபளப்பு இருக்காது, சொரசொரவென்று இருக்கும், அதன்மேல் பென்சிலால் எழுதலாம். எந்த ஆர்டர், எத்தனை உருப்படி என்று நாங்கள் பென்சிலால்தான் குறிப்போம். ஏனென்றால் இரண்டாவது சூட்டில் பென்சில் எரிந்து போய்விடும், எழுதின அடையாளமே இருக்காது. எங்கள் யூனிட்டில் இது தெரியாத ஆளே கிடையாது.

வேஸ்ட்டாகப் போன பிஸ்கட் தட்டு பத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் எங்களுக்கு சிலேட்டு. சாயந்திரம் வேலை முடிந்து வந்ததும் சுகந்தி கேள்வி கேட்பாள், நான் தட்டில் எழுதுவேன், அவள் திருத்துவாள், ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் எழுதுவோம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன வரும் என்கிற சமன்பாடு மட்டும் எனக்கு வரவே வராது. கால்சியம் ஹைட்ராக்சைடு எழுதும்போது அடைப்புக்குறிக்கு வெளியே, கீழே ஓரமாக ஒரு சின்ன 2 போட வேண்டும். நான் எப்போதும் விட்டுவிடுவேன்.

"யக்கா, கால்சியத்துக்கு ரெண்டு கை. ரெண்டு கையிலயும் ஆளு புடிச்சிருக்கணும். நீ ஒரு கைய வெறுங்கையா வுட்டுட்டு வர்ற."

"ஒரு கை சும்மா இருந்தா என்னாடி, தல சொறிஞ்சிக்கட்டும்."

"சொறிஞ்சிக்கிட்டே இரு, மறுபடியும் ஃபெயிலாவ."

சொல்லிக்கொண்டே அந்த இடத்தில் ஒரு 2 போட்டு அதைச் சுற்றி வட்டம் போடுவாள். அவளுடைய 2 கீழே ஒரு சுழி சுழித்து, வால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வட்டத்தையும் முழுசாக மூட மாட்டாள், "பாடம் முழுசா முடியட்டும், மூடறேன்" என்பாள்.

ஒரு நாள் சாயந்திரம் நான் அலுத்துப்போய் வந்து படுத்துவிட்டேன்.

"யக்கா, ஒரே ஒரு தட்டு எழுதிக் குடு. திருத்திட்டுப் போயிடறேன்."

"நாளைக்கு எழுதறேன்டி. கை வலிக்குது."

"நாளைக்கு நாளைக்குன்னு பரீட்சையே வந்துரும். போ, உங்கூட நான் காய்."

மறுநாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். இங்கே ஊசி போட்டும் இறங்கவில்லை, மூளைக்காய்ச்சலாக இருக்கும் என்று சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் சேத்தியாத்தோப்பு தாண்டினபோது கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். எங்களுக்குள் அந்தக் காய், பழம் விடாமலே அப்படியே நின்றுபோனது.

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். தட்டுகள் வீட்டில் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு சாக்கில் போட்டு யூனிட்டுக்குக் கொண்டுபோய் என் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன். பரீட்சை எழுதுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் என்ன தோன்றியதோ, சாக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தேன். விளிம்பு உடைந்த தட்டு. அதில் அந்தச் சுண்ணாம்புச் சமன்பாட்டை எழுதினேன். எழுதி முடித்துப் பார்க்கிறேன், 2 இல்லை. கையில் பென்சில் இருக்கிறது, போட்டுவிடலாம். போடவில்லை. போட வேண்டியவள் இல்லாதபோது நான் எதற்குப் போட வேண்டும் என்று ஒரு வீம்பு. "திருத்துடி" என்று வாய்விட்டே சொன்னேன். அப்படியே சாக்கில் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் அம்மாவை ஸ்ரீமுஷ்ணத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டு வர இரண்டு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தால் சாக்கு காலி. சூளை அடுக்குகிற தணிகாசலம் அண்ணனிடம் கேட்டேன்.

"அந்த வேஸ்ட்டு தட்டுங்களா? வெளக்குக்கு அடியில வைக்கப் பலகை பத்தலம்மா, அதத்தான் வச்சேன். பத்த வச்சி ஒரு நாளாவுது."

"அதுல என் தங்கச்சி திருத்தி எழுதினதெல்லாம் இருந்துச்சிண்ணே."

அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "பென்சிலாம்மா?"

நான் தலையை ஆட்டினேன். சூட்டில் பென்சில் நிற்காது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

சூளை ஆறிப் பிரித்த அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். ராத்திரி இல்லை, இருட்டு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தணிகாசலம் அண்ணன் விளக்குகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு தட்டாக என் கையில் கொடுத்தார். முதல் தட்டு வெள்ளை. இரண்டாவது வெள்ளை. ஒன்பதும் பால் மாதிரி வெளுத்து வந்தது. நான் அழவில்லை, அடுக்கிக்கொண்டே இருந்தேன். பத்தாவது, விளிம்பு உடைந்த தட்டு. நான் எழுதின சமன்பாடு எரிந்து போயிருந்தது, ஒரு எழுத்துகூட இல்லை. ஆனால் வலது பக்கம் கீழே, அடைப்புக்குறி முடிந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு 2. கீழே சுழித்து, வாலைத் தூக்கிக்கொண்டு. சுற்றி மூடாத வட்டம்.

தணிகாசலம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"மண்ணுல இரும்பு இருந்தா இப்டி கருப்பா புள்ளி வரும்மா. நான் எவ்ளோ பாத்திருக்கேன்."

"புள்ளி வட்டம் போடுமாண்ணே?"

அவர் தட்டை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார். இரும்புக் கறை என்றால் மண்ணோடு வெந்துபோயிருக்கும், தேய்த்தால் வராது. அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் பென்சில் கரி. மறுபடியும் தட்டைப் பார்த்தார், 2 அப்படியே இருந்தது. தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, "வூட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னார்.

பயந்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். சத்தியமாகப் பயமே இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம்தான் அழுகை வந்தது, சுகந்தி போனபிறகு அப்படி நான் அழுததே இல்லை. அவள் என்மேல் கோபமாக இல்லை. அந்த ஒரு தட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், அவளும் திருத்திவிட்டாள். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயந்திரமே அவளுடைய புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

பரீட்சையில் சுண்ணாம்புக் கேள்வி வந்ததா என்றால், வரவில்லை. வந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். தெரிந்ததைப் பதறாமல் எழுதினேன், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்தபோது நாற்பத்தொன்று. அம்மா அதை ஒரு தடவை சுகந்தி படத்துக்கு முன்னால் சத்தமாகச் சொன்னாள்.

அந்தத் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, துணி வைக்கிற பெட்டியில். எப்போதாவது எடுத்துத் தூசி துடைப்பேன். ஒவ்வொரு தடவையும் இப்போதுதான் எழுதின மாதிரி விரலில் கரி ஒட்டுகிறது. இத்தனை வருஷமாகத் துடைக்கிறேன், அந்த 2 கொஞ்சம்கூட மங்கவில்லை. போன மாசம் எடுத்துப் பார்த்தேன், அந்த வட்டம் முழுசாக மூடியிருந்தது.