இருபத்தொரு மிளகு

2024 நவம்பர் 2, சனி. மிளகு 1. சீனி 8.4.
நவம்பர் 3, ஞாயிறு. மிளகு 2. சீனி 7.9.
நவம்பர் 4, திங்கள். மிளகு 3. சீனி 8.2.
நவம்பர் 5, செவ்வாய். மிளகு 4. சீனி 8.8.
நவம்பர் 6, புதன். மிளகு 5. சீனி 9.1.
நவம்பர் 7, வியாழன். மிளகு 6. சீனி 9.6.

யோகேஸ்வரன் இந்த எண்களை வேலிக்கு மேலாகக் கூவுவார். டூங்கபி என்ற புறநகரில் அவருடைய வீட்டுக்கும் என்னுடைய வீட்டுக்கும் நடுவே தோளளவுத் தகர வேலிதான். காலையில் நான் மழைமானியைப் பார்க்க வெளியே வரும்போது, பஸ் சாரதியின் சீருடையில் விரலைக் குத்தி இரத்தச் சொட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, உங்கடை எவ்வளவு?"

"பூச்சியம்."

"என்ரை எட்டு தசம் நாலு. இண்டைக்கும் நான்தான் வெண்டன்!"

மழை கூடினால் எனக்கு வெற்றி, சீனி குறைந்தால் அவருக்கு. என் குறிப்பேட்டில் மழைக்குப் பக்கத்துக் கட்டத்தில் அவருடைய சீனியையும் எழுதிவைப்பேன்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கட்டையான உருவம், அகன்ற கை. பஸ்ஸில் பழகிய பழக்கம் உடம்போடு ஒட்டிவிட்டது. சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுக்குமுன்கூட ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பார். "பின்னாலை ஆரும் வருகினமோ?" என்று மனைவி கமலினி கேலி செய்வார். பிரேக் பிடிப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். "நிண்டுகொண்டு வாற கிழவிக்கு பஸ் நிண்டதே தெரியக்கூடாது அண்ணை. அதுதான் ஓட்டம்."

அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, செவன் ஹில்ஸில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி தூக்கியவர். கனரக வாகனப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறைக்கு முன் முருகனுக்கு நேர்த்தி வைத்தார்: அனுமதிப்பத்திரம் கிடைத்தால், அது கையில் இருக்கும்வரை ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, ஆறாம் நாள் ஆறு. குடிக்கத் தண்ணீர், இரவில் ஒரு தம்ளர் பால். வேறொன்றும் இல்லை. முதல் நாளுக்கு முந்திய நாளே இருபத்தொரு மிளகை எண்ணி ஒரு சிறிய வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு வைப்பார்.

சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது பிற்பாடு. வைத்தியர் தந்த குளிசைகளுக்குப் பெயர் வைத்திருந்தார். மெட்ஃபோமின் 'வயித்துக்காரன்'. பழகும்வரை வயிற்றைக் கலக்கினான், பிறகு சொன்னபடி கேட்டான். கிளிக்ளசைட் 'விழுத்தி'. சீனியைச் சட்டென்று இறக்கும். சாப்பிடாமல் போட்டால் ஆளையும் இறக்கிவிடும். ஆகையால் விரத நாட்களில் விழுத்தியை மட்டும் நிறுத்திவிடுவார். பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்காக அவர் தாமாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது. பல ஆண்டுகள் அதில் பிழை வரவில்லை.

2024 ஆகஸ்டில் மூன்றாவது குளிசை வந்தது, எம்பாகிளிஃப்ளோசின். சீனியைச் சிறுநீரோடு வெளியே அனுப்புவது. 'தண்ணிக்காரன்' என்று பெயர் வைத்தார். தொப்பை வற்றியது, இரத்த அழுத்தம் இறங்கியது, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் காவல் என்று வைத்தியர் சொன்னார். "இவன் தங்கமான பெடியன் அண்ணை. விழுத்தவே மாட்டான்." அதனால் விரதத்திலும் அவனைத் தொடர்ந்தார். விரதத்தைப் பற்றி வைத்தியரிடம் சொல்லவில்லை. "சொன்னா சாப்பிடு எண்டுதான் சொல்லுவார். பிறகேன் கேக்கவேணும்?"

அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பஸ் ஓட்டினார். புதன் இரவு குடித்த பாலையும் சத்தி எடுத்தார். வியாழன் காலை வேலிக்கு வந்தவர் ஒன்பது தசம் ஆறு என்று கூவவில்லை, முணுமுணுத்தார். ஓடி வந்தவரைப்போல ஆழமாக மூச்சு வாங்கியது. வாயிலிருந்து நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் வாடை வந்தது.

"சீனி நல்லாத்தானே கிடக்கு. விரதக் களைப்பு," என்றார் கமலினி. எண்ணைப் பார்த்த எனக்கும் அப்படித்தான் பட்டது. யோகேஸ்வரன் மட்டும் பணிமனைக்குத் தொலைபேசி எடுத்தார். "இண்டைக்கு என்ரை கையிலை ஸ்டியரிங்கைத் தராதேங்கோ," என்பதை ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படியில் சரிந்தார். அம்புலன்ஸை அழைத்தது நான்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள். உணவு இல்லாத உடம்பு கொழுப்பை எரித்து இரத்தத்தை அமிலமாக்கியிருந்தது. தண்ணிக்காரன் சீனியை வெளியே இறைத்துக்கொண்டே இருந்ததால் சீனி பார்க்கும் மானியில் எண் ஏறவில்லை. மானி சீனியைச் சரியாகவே அளந்தது. அமிலத்தை அளக்கும் வேலை அதற்கு இல்லை.

"இந்தக் குளிசை நிறையப் பேரின் உயிரைக் காக்கிறது. ஆனால் பட்டினி கிடக்கும்போது போடக்கூடாது. யாரும் சொல்லவில்லையா?" என்று நீரிழிவு நிபுணர் கேட்டாராம்.

மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல், வருத்தம் வந்து சாப்பிடாமல் இருந்தால் நிறுத்து என்று. அதை அவர் என்னிடம் ஒளிக்கவில்லை. "அது வருத்தக்காரருக்கு எண்டு நினைச்சன் அண்ணை. விரதம் ஒரு வருத்தமே?"

இன்சுலின் சுரக்கும் கணையம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்று பரிசோதனை சொன்னது. விழுத்தியையும் தண்ணிக்காரனையும் எடுத்துவிட்டு இன்சுலின் ஊசி கொடுத்தார்கள். அவர் அதுவரை பயந்து தள்ளிப்போட்டது அதைத்தான். ஊசி போடுபவர் பயணிகள் பஸ் ஓட்டலாம். ஆனால் சீனி இறங்குவது தனக்குத் தெரிகிறது என்று மாதக்கணக்கில் காட்ட வேண்டும், நிபுணர் கையெழுத்திட வேண்டும். அதுவரை பணிமனையில் பஸ் கழுவும் வேலை தந்தார்கள். ஊசி நன்றாக வேலை செய்தது. முகம் தெளிந்தது, கன்னம் நிறைந்தது. வேலியில் மறுபடியும் கூவல் கேட்டது.

2025 ஜூன் 14, சனி. "ஆறு தசம்," என்றார். சிரித்தார். "ஆறு தசம்," என்றார் மறுபடியும். மூன்றாம் முறை சொல்லும்போது முழங்கால் மடிந்தது. சீனி இறங்கும்போது வரும் வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. கமலினி குளுக்கோஸ் களியைக் கன்னத்துக்குள் பூசினார். மானியில் 2.3; நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. நினைவு தெளிந்ததும், தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றார். அன்று அவருடைய கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

"சொல்லாட்டி ஆருக்குத் தெரியும்?" என்றார் கமலினி. "பக்கத்து வீட்டு அண்ணையும் சொல்லமாட்டார். இன்னும் ரெண்டு மாசம்தான், திரும்ப ஓடலாம்."

"பின்னாலை நாப்பது பேர் இருப்பினம், கமலினி."

திங்கட்கிழமை நிபுணரிடம் தாமே போய்ச் சொன்னார்.

அடுத்த கந்தசஷ்டி நெருங்கியது. விரதம் இனிக் கூடவே கூடாது என்று நிபுணர் சொல்லியிருந்தார். ஆனாலும் முதல் நாளுக்கு முந்திய காலை, வெள்ளிக் கிண்ணத்தில் இருபத்தொரு மிளகு இருந்தது. அதைப் பற்றிப் பேசவே கமலினி என்னைக் கூப்பிட்டிருந்தார். குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி, "பஸ் லைசென்ஸ் இன்னும் கையிலைதானே இருக்கு எண்டு சொல்லுறார், அண்ணை. நீங்களாவது சொல்லுங்கோ," என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் தபாலில் போக்குவரத்துத் திணைக்களத்தின் கடிதம் வந்தது. யோகேஸ்வரன் நின்றபடியே வாசித்தார். கார் ஓட்டலாம். பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் ரத்து. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கிண்ணத்தை எடுத்து மிளகுப் போத்தலுக்குள் கவிழ்த்தார். ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டது. தட்டினார், விழுந்தது. மூடியை இறுக்கினார்.

"ரசத்துக்கு உதவும்," என்றார்.

பிறகு கதிரையை இழுக்குமுன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

கடிதம் வந்தது 2025 அக்டோபர் 21, செவ்வாய்.