ஷாக்கைத் திறந்த குக்கர்காரர்

கடைத்தெருவின் கடைசியில், சாவிக் கடைக்கும் குடை தைக்கும் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் காலை மடக்கி உட்காரும் அகலத்தில் ஒரு கடை. அங்கே பிரஷர் குக்கர் பழுது பார்ப்பவரை எல்லோரும் குக்கர்காரர் என்றே கூப்பிட்டார்கள். விசில் அடிக்காத குக்கர், அடித்தால் நிறுத்தாத குக்கர், மூடி திறக்காமல் முரண்டு பிடிக்கும் குக்கர், எதுவானாலும் அவர் கைக்குப் போனால் அடங்கிவிடும். அடங்காதவர் அவர் மட்டும்தான்.

அது அவருக்கு வழிவழியாக வந்த சொத்து. அவருடைய பெரியப்பா, இரவல் கொடுத்த ஏணி திரும்பி வரவில்லை என்று கூடப்பிறந்த தம்பியோடு சாகும்வரை பேசவில்லை. அத்தை ஒருத்தி, சம்பந்தி வீட்டில் தன் செருப்பை யாரோ காலால் ஓரம் தள்ளினார்கள் என்று, பிறகு அந்தத் தெரு வழியாக நடந்ததே இல்லை. சந்தைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போனாள். அந்த ரத்தம்தான் இவருக்கும். இவர் பேசாமல் இருந்தது மச்சானோடு, மனைவியின் தம்பியோடு.

மச்சானுக்கு ஊருக்கு வெளியே, மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் மெக்கானிக் கடை. கல்லிலும் சேற்றிலும் ஏறுகிற பைக்குகளும் ஜீப்புகளும்தான் அங்கே வரும். அவன் இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்கா மகளுக்கு ஒரு பழைய மலை பைக்கைக் கொடுத்து, ஓட்டவும் சொல்லிக்கொடுத்துவிட்டான். "இருக்கிறது ஒத்தைப் பொண்ணு. கையைக் காலை ஒடிச்சுக்கிட்டு வந்தா இவனா வந்து பாக்கப் போறான்?" என்று குதித்தவர், அன்றோடு பேச்சை நிறுத்தினார். மகள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. வாசலில் நிற்கும் அந்த வண்டியை, பிடிக்காத சொந்தக்காரனைக் கண்டதுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர் கடந்து போவார்.

இப்படி இருக்கையில் மகளுக்கு அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மலைமேல் அங்கங்கே மழை அளக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் போய்ப் பார்த்து வருகிற வேலை. திங்கட்கிழமை காலையில் சொந்த வண்டியில் உச்சிவரை ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் அந்த வேலைக்காக எத்தனையோ நாளாகக் காத்திருந்தவள். ஆனால் வெள்ளிக்கிழமை வண்டியின் பின் ஷாக் அப்சார்பர் எண்ணெயைக் கக்கிவிட்டது. சீட்டை அழுத்தினால் தொப்பென்று இறங்கித் தவளை மாதிரி எகிறியது. அதை வைத்துக்கொண்டு பாறை ஏறினால் பின்சக்கரம் தரையில் நிற்காது.

"மாமா கடையில கொடுத்துட்டு வந்துடறேன்மா," என்றாள் மகள், அம்மாவிடம்தான்.

உள்ளிருந்து அப்பா குரல் வந்தது. "என்னவாம் அதுக்கு?"

"உள்ள சீல் போயிடுச்சுப்பா. ரப்பர் வளையம்."

"ரப்பர் வளையத்துக்கா இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்கணும்? என் பாதி ஆயுசு ரப்பர் வளையத்துலதான் போயிருக்கு. கழட்டிக் கொண்டா."

"ஏங்க, அது குக்கர் இல்ல," என்றாள் மனைவி. "பொண்ணோட வேலை அதுல தொங்குது."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் சொல்றேன்."

மகள் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். வண்டியை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், அதன் ஒரு பாகத்தைத் தன் கையில் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சனிக்கிழமை குக்கர் கடை திறக்கவில்லை. பின்கட்டில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"முதல்ல உள்ள அழுத்தி அடைச்சிருக்கிற கேஸை விடணும்ப்பா. விடாம திறந்தா மூஞ்சியில அடிக்கும்."

"யாருகிட்ட சொல்றே? ஆவி இறங்கறதுக்குள்ள மூடியைத் திறந்தவங்க மூஞ்சியெல்லாம் பாத்தவன் நான்."

வால்வை அழுத்தினார், உஸ்ஸென்று காற்று போய் அடங்கியது. ஸ்பிரிங்கைக் கழற்றி, எண்ணெயைக் கொட்டினார்கள். கரிச்சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. நடுவில் இருந்த தண்டை உருவியதும் அதன் நுனியில் காகிதம்போல மெல்லிய இரும்புத் தகடுகள், பெரிதும் சிறிதுமாக ஒன்றன்மேல் ஒன்று. வண்டி எவ்வளவு வேகமாக இறங்கி ஏற வேண்டும் என்பது அந்த வரிசையில்தான் இருக்கிறது என்று மகள் சொன்னாள். அவர் ஒரு கம்பியை வளைத்து, தகடுகளை இருந்த வரிசையிலேயே அதில் கோத்தார். ஒன்றைக்கூடப் புரட்டவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மகள் வாங்கி வந்த புது சீல் வளையத்தை எடுத்தார், எண்ணெய் தடவினார், கட்டைவிரலால் ஓர் அழுத்து. பொருத்தமாகப் போய் உட்கார்ந்தது. புது எண்ணெய் ஊற்றி, தண்டை மெல்ல இறக்கி ஏற்றி, குமிழி நிற்கும்வரை காத்திருந்தார். தொட்டிலில் தூங்கும் பிள்ளை விழித்துவிடுமோ என்பதுபோல ஆட்டினார்.

"இவ்வளவு பொறுமை உங்ககிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றாள் மனைவி, கதவில் சாய்ந்துகொண்டு.

இனி கேஸ் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டயர் கடைக்காரர் கையை விரித்தார். "டயருக்கு அடிக்கிற காத்து இதுக்குப் பத்தாதுங்க. இதுக்கான பெரிய சிலிண்டர் உங்க மச்சான்கிட்டதான் இருக்கு."

குக்கர்காரர் ஷாக்கை மார்போடு அணைத்தபடி நின்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை வீட்டுக்குத் திரும்பியிருப்பார். கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துவிட்டு, "மலைப்பாதை பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

மச்சான் ஒரு ஜீப்புக்கு அடியில் கிடந்தான். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"யாரு?"

"நான்தான்."

கால்கள் அப்படியே அசையாமல் நின்றன. பிறகு ஆள் மெல்ல நகர்ந்து வெளியே வந்தான். "அடேயப்பா, அத்தானா! மழை கொட்டப் போகுது, ஜீப்பை உள்ள தள்ளணும்."

"கேஸ் அடிக்கணும். அதுக்கு மட்டும்தான் வந்தேன்."

"அதுக்கு மட்டும் வந்தவங்களுக்கு ஸ்டூல் போடலாமா, கூடாதா?"

குக்கர்காரர் உட்காரவில்லை. மச்சான் ஷாக்கை மேசையில் வைத்து, குழாயை மாட்டி, சிலிண்டரைத் திறந்தான். அழுத்தம் காட்டும் முள் ஏறியது. ஏற ஏற, தண்டைச் சுற்றி எண்ணெய் முத்து முத்தாக அரும்பி, கோடாக இறங்கி மேசையை நனைத்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மச்சான் சிலிண்டரை மூடி, கேஸை விட்டான். "சீல் வளையத்தை எந்தப் பக்கமா வெச்சீங்க, அத்தான்?"

"வளையத்துக்கு ஏதுப்பா பக்கம்?"

"குக்கர் வளையத்துக்கு இல்ல. இதுக்கு ஒரு உதடு இருக்கு பாருங்க. இந்த உதடு எண்ணெயைப் பாத்து இருக்கணும். அப்பத்தான் உள்ள அழுத்தம் ஏற ஏறத் தண்டைக் கவ்விப் பிடிக்கும். நீங்க புறமுதுகு காட்டி உக்கார வெச்சுட்டீங்க."

எந்தப் பக்கம் போட்டாலும் பொருந்துகிற வளையங்களையே போட்டுப் பழகிய கை. அவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது.

"என் வீம்பால பிள்ளை பொழப்பைக் கெடுத்தேன். நீயே போட்டுடு மச்சான். நான் தொடல."

மச்சான் ஷாக்கைத் திறந்து, தகடுகளை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். "வரிசை கொஞ்சம்கூட மாறலையே. தூசி இல்ல, குமிழி இல்ல. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இதையெல்லாம் கொட்டிப் பையில அள்ளிட்டு வருவாங்க." அலமாரியிலிருந்து ஒரு புது சீல் வளையத்தை எடுத்து அவர் மடியில் வைத்தான். "நீங்களே போடுங்க."

"மறுபடி தப்பாப் போச்சுன்னா?"

"பக்கத்துலதானே நிக்கறேன். ஒழுகிச்சுன்னா என் மேசைதானே, நான் தொடச்சுக்கறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை விரலால் தடவிப் பார்த்து, மகளிடமும் ஒருமுறை காட்டிவிட்டு அழுத்தினார். அவர் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, குனிந்த தலையோடு மச்சான் சொன்னான்: "வண்டியைக் கொடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும் அத்தான். தப்பு என்மேலதான்."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேன்."

"அதான் சொல்லல."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் குக்கர்காரருக்கும் அடக்க முடியவில்லை. இந்தத் தடவை முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. வெள்ளைத் துணியால் தண்டைத் துடைத்தார்கள். துணி வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் மகள் போய்விட்டாள். குக்கர்காரர் கடைக்குப் போகவில்லை. போனாலும் கை ஓடியிருக்காது. கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்து, பக்கத்தில் ஒரு வேலையாக வந்ததாகச் சொன்னான். பக்கத்தில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அவன் அக்காவுக்குத் தெரியும். அவள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

வெயில் ஏறிய பிறகு தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது. தலையிலிருந்து கால்வரை சேறு, பல் மட்டும் வெள்ளை. "நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாங்க!" என்று கத்தியபடி இறங்கினாள். அம்மா சேற்றைப் பார்க்காமல் கட்டிக்கொண்டாள். மச்சான் பின்சக்கரத்தருகே மண்டியிட்டுத் தண்டை விரலால் தடவிப் பார்த்து, "பொட்டு எண்ணெய்கூட இல்ல அத்தான்," என்றான்.

குக்கர்காரர் ஷாக்கைப் பார்க்கவில்லை. மகளுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டி, படியில் தனக்குப் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"மேல பாறை வழுக்கிச்சா? பயமா இருந்துச்சா? எப்படி ஏத்தினே, முதல்லேருந்து சொல்லு."

இத்தனை நாளில் அவர் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. அவள் தண்ணீரைக் குடித்து முடித்து, சேற்றுக் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, முதல் வளைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.