வெட்ட வேணாம்னு சொன்ன டாக்டர்

பொன்னமராவதியில நாங்க ரெண்டாவதா பாத்த டாக்டருக்குக் காதெல்லாம் முடி. பேசுறப்ப மேச டிராயரத் தொறந்து பொட்டுக்கடலைய ஒண்ணொண்ணா வாயில போட்டுக்குவாரு.

மொதல்ல பாத்த புதுக்கோட்டை டாக்டரு, எங்கப்பாவுக்குச் சக்கரையால அழுகுன கால எடுத்தே ஆகணும், இல்லாட்டி உசுரு தங்காதுன்னுட்டாரு. அந்தச் சீட்டக் காட்டாம, ஒண்ணும் சொல்லாமப் போனாத்தான் இவரு உள்ளதச் சொல்வாருன்னு மாமா கூட்டிட்டுப் போனாரு. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்.

டாக்டரு காலத் தொடல. புதுக்கோட்டையில நர்சு போட்டுவிட்ட கட்ட மட்டும் குனிஞ்சு பாத்தாரு.

"முன்னாடி யாருகிட்ட காட்டுனீங்க?"

"யாருகிட்டயும் இல்லைங்க" ன்னாரு மாமா.

"இந்தக் கட்டு?"

"எம்மக போட்டதுங்க" ன்னாரு அப்பா.

டாக்டரு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. "நர்சே தோத்துப்போவா ஆத்தா. நீ இருக்கையில கால எதுக்கு வெட்டணும்? வெட்டவே வேணாம். வீட்டுல வச்சு நீயே கட்டிக்கிட்டு இரு. அடுத்த ஆளு வாங்க."

வெளிய வந்ததும் அப்பா மாமா கையப் புடிச்சுக்கிட்டாரு. "தெய்வம் மாதிரி ஆளு மச்சான்" ன்னு அழுதாரு. நான் தெனமும் கட்டு மாத்துனேன். அடுத்த அமாவாசைக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு.

கருமாதி முடிஞ்சுதான் எனக்கு ஒறச்சுச்சு. அந்த ரூமுக்குள்ள நாங்க யாருமே வெட்டுறதப் பத்திப் பேசல. அவராத்தான் சொன்னாரு. கட்டப் பாத்த ஒடனேயே எங்க பொய்யும், கால எடுக்கச் சொல்லியிருக்காங்கங்குறதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

பொய் சொன்னதுல கோவம்னா, எங்க மாமாவ ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். எங்கப்பா ஒத்தக் காலோடயாச்சும் இருந்திருப்பாரு.