வடிகட்டின மாப்பிள்ளை

கழிவுநீர்க்காரனுக்குப் பெண் கிடைப்பது, கழிவுநீர் தெளிவதைவிடக் கஷ்டம். என்னைப்போல ஆலைத் தண்ணியோடு மல்லுக்கட்டுகிற அன்பர்களே, ஆறுதலுக்கு இதைப் படியுங்கள்.

ஒழுகுற பீங்கான்

அன்னவாசல் பக்கம் பழைய அட்டையைக் கரைத்துக் காகிதம் செய்கிற ஆலை எங்களுடையது. மிஞ்சுகிற பழுப்புத் தண்ணியைப் பீங்கான் குழாய்களில் அழுத்தி வடிகட்டுவது என் வேலை. குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு. தண்ணி மட்டும் வெளியே கசியும், நாரும் அழுக்கும் உள்ளேயே நிற்கும்.

கீரனூரில் மலரைப் பெண் பார்க்கப் போனோம். திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண். காபியைக் கொடுத்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். நான் அங்கேயே காலி. அந்தச் சந்தோஷத்தில் அவள் அப்பா கருப்பையாவிடம் குழாயின் பெருமையை அளந்துவிட்டேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார்: "எங்க வீட்டு ஊறுகா ஜாடியும் பீங்கான்தான் தம்பி, ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. ஒங்களை எவனோ நல்லா ஏமாத்திட்டான்!"

நல்ல வார்த்தை

அடுத்து அவர் ஆலை வாசலுக்கே விசாரிக்க வந்திருக்கிறார். சிக்கியவர் வாட்ச்மேன் முத்தண்ணன். அன்றோடு கீரனூர் போன் நின்றுவிட்டது. முத்தண்ணனைப் போய்ப் பிடித்தேன். என்னண்ணே சொன்னீங்க என்று கேட்டால், மனுஷன் பெருமையாக ஒப்பித்தார்: "தங்கமான பையன்ங்க, நாள் பூரா தண்ணியிலதான் கெடப்பாரு, லீவு நாள்லகூட தண்ணி நெனப்புதான்னு சொன்னேன் தம்பி!"

வேற வால்வு

என் மாமா கெஞ்சிக் கூத்தாடி, கருப்பையாவை ஆலைக்குள்ளேயே அழைத்து வந்தார். "நானும் வாரேன்" என்று மலரும் கிளம்பிவிட்டாள். ஒரு டம்ளரில் பழுப்புத் தண்ணி, இன்னொன்றில் வடிகட்டிய தண்ணி. "சத்தியமா இந்தத் தண்ணிதாங்க, வேற தண்ணி இல்லைங்க" என்றேன். கருப்பையா முகம் கொஞ்சம் தெளிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். அடைத்துக்கொண்ட குழாயை எப்படிக் கழுவுவோம் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, மலரைப் பார்த்துக்கொண்டே வேறு வால்வைத் திறந்துவிட்டேன். ஐயோ! பழுப்புத் தண்ணி மொத்தமும் என் தலையில். மீசையில் அட்டைக் கூழ் வழிய, போச்சுடா எல்லாம் என்று நின்றேன். மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அப்பா, இவரு குடிகாரரு இல்ல, வடிகட்டுன முட்டாள்தான். எனக்கு இவரே போதும்!"

இப்போது எங்கள் வீட்டில் டீ வடிகட்டுவதும் நான்தான், அனுபவம் உள்ள ஆளாம்.