செல்வி சொன்ன ‘போயிட்டாவ’

முத்தையாபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரேஷன் கார்டு சரிபார்க்க எங்கள் கிராமத்துக்கு வந்த ஊழியர், என் வீடு பூட்டியிருக்கவும் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் விசாரித்திருக்கிறார்.

“அண்ணாச்சி போயிட்டாவளே” என்றிருக்கிறாள் அவள்.

எங்கே என்று கேட்க அந்த மனிதருக்கு வாய் வலித்ததோ என்னவோ, நான் இறந்துவிட்டதாக எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அரிசி இல்லை. அலுவலகத்துக்கு ஓடினேன்.

“உயிரோட இருக்கியன்னு சான்று வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி” என்றார் அங்கிருந்தவர்.

“முன்னால நிக்கேம்லா, கண்ணு தெரியலையா?”

“கம்ப்யூட்டர்ல இல்லியே!”

நாலு முறை அலைந்து உயிர் பெற்றேன். இப்போதெல்லாம் ஊருக்குக் கிளம்பும்போது, “ஏளா, யாரு கேட்டாலும் ‘வந்துருவாவ’ன்னு மட்டும் சொல்லு” என்று செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் பூட்டுகிறேன்.

நான் நிஜமாகவே போகும் நாளில், இதே ஆட்கள் என் மகளிடம் அதற்கும் சான்று கேட்பார்கள், பாருங்கள்.